பித்ரு இலையில் உட்கார்ந்தவர்

பித்ரு இலையில் உட்கார்ந்திருந்த சேஷய்யர் இடது கையால் சாதத்தைப் பிசைந்தார்.

ஆடி மழையில் பகலிலேயே கூடம் இருண்டு, ஹோமப் புகையும் எள்ளும் நெய்யும் ஈரச் சுவரின் பாசி வாடையும் குழைந்து நாகேஸ்வரனின் மூக்கில் ஏறின. சிராத்தத்தில் சாப்பிட உட்காருபவரின் உடம்பில் இறந்தவர் வந்து அமர்வார் என்பது நம்பிக்கை. இன்று அவனுடைய அப்பாவின் சிராத்தம். அப்பா, பிராமணர்களுக்கு இலவசமாகச் சோறு போடும் கோட்டை ஊட்டுப்புரையில் அநாதையாக வளர்ந்தவர். தாத்தாவின் பெயர் தெரியாமல், இத்தனை வருஷமும் பொதுப்பெயர் சொல்லியே பிண்டம் வைத்தார்கள். மனைவி விஜயத்துக்கு இரண்டு குழந்தைகள் பிறந்த கையோடு போய்விட்டன. தாத்தாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் வயிற்றில் இருப்பதாவது தங்கும் என்றுதான் நாகேஸ்வரன் சர்க்கார் கச்சேரியின் பழைய பதிவறையில் ஏறி இறங்கினான். அப்பாவை ஊட்டுப்புரையில் விட்டுப்போன காவலனின் குறிப்பைப் பிடித்துக்கொண்டு போனவன், ஒரு கொலை வழக்கின் தீர்ப்பில் போய் நின்றான்.

மகாதேவன். இடதுகைக்காரன். மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் வெட்டியவன். ஒரு பையன் மட்டும் தப்பினான்; அவன்தான் அப்பா. பிராமணனைத் தூக்கில் போடும் வழக்கமில்லை. சிறையில் அன்னம் தொடாமல் செத்தான்.

"துர்மரணம் ஒண்ணுமில்லையே ஓய்? இருந்தா, பரிகாரம் பண்ணாம பேர் சொல்லிக் கூப்பிடப்படாது," என்று சாஸ்திரிகள் காலையில் கேட்டிருந்தார்.

தெருவுக்குத் தெரிந்துவிடுமே என்று, "ஒண்ணுமில்லை மாமா," என்று சொல்லி மகாதேவன் பெயரைக் கொடுத்திருந்தான்.

"என்ன சேஷய்யர்வாள், கை மாறிப்போச்சு? அத்தனை பசியா?" சாஸ்திரிகள் சிரித்தார்.

கொறித்துவிட்டு எழுகிற கிழவர் இன்று வழித்து வழித்து விழுங்கினார். இலையையும் கிழித்து மென்றார்.

சாஸ்திரிகளின் சிரிப்பு நின்றது. "திருப்தியான்னு கேளும்."

"திருப்தியா?" நாகேஸ்வரன் கேட்டான்.

"பையன் எங்கேடா?" சேஷய்யரின் குரல் இல்லை அது.

"அவர்... அவர் போயாச்சு. அவருக்குத்தான் இன்னிக்கு..."

கிழவர் காற்றை முகர்ந்தார். "இல்லை. உள்ளே இருக்கான்."

எழுந்தார். சாஸ்திரிகள் குறுக்கே வந்தார். இடது கை அவருடைய குடுமியைப் பற்றியது. தூணில் மோதியது. மறுபடி. மறுபடி. ஏதோ உடைந்தது. மந்திரம் சொன்ன வாயில் ரத்தம் கொப்பளித்தது.

"ஏன்னா!" சமையலறையில் விஜயம்.

நாகேஸ்வரன் பாய்ந்தான். சமையலறைக்குள் புகுந்துவிட்ட கிழவர் அரிவாள்மணையை எடுத்துச் சுழற்றினார். முழங்காலுக்குக் கீழே சூடு. பிறகு காலே இல்லாததுபோல் விழுந்தான். தவழ்ந்தான். வழுக்கியது. அவன் ரத்தம்தான்.

விஜயம் சுவரோடு ஒட்டி நின்றாள். 

கிழவர் அவள் முன் மண்டியிட்டார். அவள் வயிற்றில் காது வைத்தார். அரிவாள்மணையின் நுனியில் ரத்தச் சொட்டு.

"வாடா கண்ணா," என்றார் கொஞ்சலாக. "அப்பாதான்."

புடவைக்கடியில் ஒரு குட்டிப் பாதம், குரல் வந்த பக்கமாக உந்தியது.