அடங்காத நுரை

விரல் காயத்தைக் கழுவ விட்ட பெராக்சைடு பொங்கி ஐந்து நிமிடமாகியும் முத்துராணிக்கு நுரை அடங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சேரன்மகாதேவியில் வயலை ஒட்டிய வீடு. வெளியே அறுப்பு இயந்திரத்தின் இரைச்சல், தலைக்கு மேலே மின்விசிறியின் கடகடப்பு, அடுப்படியிலிருந்து ரசத்தின் மணம், இத்தனைக்கும் நடுவே அந்தச் சின்ன ‘ஸ்ஸ்’ மட்டும் காதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

காயம் வியாழக்கிழமை பட்டது. திருநெல்வேலி ஆய்வகத்தில், புற்றுநோய் உயிரணுக்கள் வளரும் தட்டில் மருந்து ஏற்றும்போது ஊசி கையுறையைத் துளைத்துவிட்டது. மருந்து என்பது கேட்டலேஸ், எல்லார் உடம்பிலும் இருக்கிற நொதிதான். உடம்புக்குள் துளித்துளியாய் ஊறும் பெராக்சைடை உடைப்பது அதன் வேலை; உடையும்போது வரும் காற்றுதான் நுரை. அது சீக்கிரம் சிதையாதபடி வேதிப்பொருளால் உறை போட்டிருந்தார்கள். உறை போட்டால் புற்றணுவின் வளர்ச்சியை நின்று அடக்கும் என்று நம்பினார்கள். ஊசி குத்தியதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வேலை போய்விடுமே என்ற பயம். அசட்டுப் பயம்.

கைபேசி அடித்தது. உடன் வேலை பார்க்கும் எஸ்றா.

“யக்கா, வியாழக்கிழமத் தட்டத் தொறந்து பாத்தேன். மருந்து ஊத்துனதுல ஒண்ணுகூட சாவல. நெறஞ்சு, மூடி வரைக்கும் ஏறி நிக்கி.”

“ஊத்தாத தட்டு?”

“அது எப்பவும் போலத்தான் இருக்கு. ஆனா பக்கத்துல நல்ல அணு வச்சிருந்தோம்லா, அதுலயும் தொத்திக்கிட்டு. நீங்க கையில எதுவும் படலியே?”

“இல்லப்பா” என்றாள்.

வைத்துவிட்டாள். பெராக்சைடு புட்டியை மறுபடி எடுத்தாள்.

காயமில்லாத தோலில் பெராக்சைடு நுரைக்காது. அது அவளுக்குத் தெரியும். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டாள். நுரைத்தது. முழங்கையில். நுரைத்தது. கழுத்தில். காதோரம் ஸ்ஸ்.

இந்தக் கையால்தான் மூன்று நாளாக மகளுக்குச் சோறு பிசைந்து ஊட்டினாள்.

நான்கு வயது. பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். முத்துராணி பைய உட்கார்ந்தாள். கன்னத்தில் ஒரே ஒரு சொட்டு.

காத்திருந்தாள்.

ஒன்றுமில்லை. வெறும் ஈரம். கடவுளே என்று அழுகை வந்தது. சேலையால் கன்னத்தைத் துடைத்தாள், புட்டியை இறுக மூடினாள்.

அந்த ‘ஸ்ஸ்’ சத்தம் நிற்கவில்லை.

தன் கையைப் பார்த்தாள், கழுத்தைத் தொட்டாள். இரண்டும் காய்ந்திருந்தன.

மகள் புரண்டாள். கண் விழித்தாள்.

“யம்மா, வயித்துக்குள்ள என்னமோ பேசுது.”

கொட்டாவி விட்டாள். நாக்கின் மேல் வெள்ளையாய் நுரை. மெல்லப் பொங்கி, உதடு வரைக்கும் ஏறி நின்றது.