பச்சைப் பொட்டலம் வைத்த கை

சின்ச்சூ, தைவான். காலை 8.15.

சோதனை அறையில் ஷியாவ்-ஜிங் போட்ட கூச்சலில் மொத்த ஆபீசும் கூடிவிட்டது.

"என் கிராஷ் பதிவைக் காணோம்! யாரோ துடைச்சிருக்காங்க!"

நேற்று மாலை அவள் பிடித்தது அது. வெண்டிலேட்டருக்காக எழுதிய இயங்குதளத்தின் மேல் அவளுடைய நிரல் அர்த்தமில்லாத குப்பைத் தகவல்களை ஓயாமல் வீசிக்கொண்டிருக்கும். அதில் ஏதோ ஒரு குப்பை இயங்குதளத்தை உறைய வைத்தது. மூச்சு கொடுக்கிற இயந்திரம் உறைந்தால் நோயாளி கதி என்ன? எந்தக் குப்பை என்பது அந்தப் பதிவில் மட்டும்தான் இருந்தது. குருட்டாம்போக்கில் வந்தது மறுபடி எப்போது வருமோ! மதியம் இயங்குதளம் ஆலைக்குப் போகிறது. ஆதாரம் இல்லாமல் நிறுத்த முடியாது என்றார் மேலாளர் துங்.

இயங்குதளம் ஏற்றிய சோதனை மின்பலகை மறுபடி முதலிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. அதன்மேல் ஒரு பச்சைத் தீனிப் பொட்டலம். இயந்திரம் மக்கர் பண்ணாமல் சமர்த்தாக ஓடட்டும் என்று ஊரெல்லாம் வைப்பதுதான். யாரும் கண்டுகொள்ளவில்லை.

அறையைத் திறக்கும் அட்டை மூன்று பேரிடம்தான் உண்டு. ஷியாவ்-ஜிங். இயங்குதளத்தை எழுதிய யென். மின்சாரத்தை வெட்டி, நினைவகத்தைக் கலைத்து, வேண்டுமென்றே கோளாறு புகுத்திப் பார்க்கும் ஜுவாங்.

எல்லார் கண்ணும் ஜுவாங் மேல்தான் விழுந்தது. ஆபீஸ் புத்தி வேறெங்கே போகும்?

"நேத்து ராத்திரி சாப்பிடும்போது 'அவளுக்கு வந்த வாழ்வைப் பாரு'ன்னு பொருமுனது நீதானே?" என்று கேட்டார் துங் அக்கா.

"நான்தான் அக்கா. நாலு வருஷம் நான் தேடியும் கிடைக்காதது இவளுக்கு ஒரே வாரத்துல மாட்டுனா வயிறு எரியாதா? ஆனா துடைச்சது நான் இல்ல."

"வேற யாரு? இன்னிக்கே சீட்டைக் காலி பண்ணு."

ஜுவாங் பலகையையே வெறித்துப் பார்த்தான்.

"ஜிங், இந்தப் பொட்டலம் நீ வச்சியா?"

"எனக்கென்ன பைத்தியமா? இயங்குதளம் உறைஞ்சு விழணும்னுதானே இவ்வளவு பாடுபடறேன்!"

"நானும் அதுக்குத்தான் சம்பளம் வாங்கறேன். சோதிக்கிறவன் எவனும் இதை இங்க வைக்க மாட்டான். விழவே கூடாதுன்னு நினைக்கிறவன்தான் வைப்பான்." ஜுவாங் திரும்பினான். "யென் அண்ணே, துடைச்சுட்டு மறுபடி ஓட விட்டீங்க. மதியத்துக்குள்ள திரும்ப விழுந்துடுமோன்னு பயம். பழகின கை, தன்னால பொட்டலத்தை வச்சிடுச்சு."

யென் முகம் வெளுத்தது.

"இதுல ஒரு வரிகூட எழுதாதவ அவ!" அவர் குரல் உடைந்தது. "ராப்பகலா எழுதுனவன் நான். நேத்து எல்லாரும் அவளுக்குக் கைதட்டுனீங்க அக்கா. என்னால தாங்க முடியல."

"எந்தக் குப்பைன்னு பார்த்தீங்களா?" என்று கேட்டான் ஜுவாங்.

"பார்த்தேன். பார்த்ததுமே என் தப்பு புரிஞ்சுது."

"அப்ப அதைப் போடுங்க."

யென் அந்தக் குப்பையை நினைவிலிருந்து தட்டிப் பலகைக்கு அனுப்பினார். திரை உறைந்தது. துங் ஆலைக்கு போன் போட்டு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். யென்னைத் தன் அறைக்கு வரச் சொன்னார்.

ஜுவாங் பச்சைப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டான்.

"இன்னும் வயிறு எரியுதா அண்ணே?" என்று சீண்டினாள் ஷியாவ்-ஜிங்.

"நல்லாவே எரியுது. நீ பிடிச்ச கோளாறுக்குப் பயந்து அவர் வச்ச பொட்டலம்தான் என்னைக் காப்பாத்துச்சு, அது வேற!" என்று பொட்டலத்தை அவள் பக்கம் நீட்டினான்.