குரலே இல்லாத இன்டர்வியூ

டெலிபோன் அலறியது!

காலை பத்தே கால். ரிட்டயர்ட் ஸ்டேஷன் மாஸ்டர் நிமிர்ந்த முதுகு வளையாமல் எழுந்து போய் ரிசீவரை எடுத்தார்.

"உங்க வீட்ல பதினேழு பார்சல் இருக்கா?"

"யார் பேசறது?"

"க்ரைம் பிராஞ்ச் இன்ஸ்பெக்டர். அத்தனையும் திருட்டுச் சரக்கு. உங்க பொண்ணு வீட்டை விட்டு நகரக் கூடாது. பத்து நிமிஷத்துல வரேன்."

டொக்!

முப்பத்தாறு வருஷ சர்வீஸில் ஒரு மெமோ கூட வாங்காத மனிதர்.

"குட்டி...!"

மகள் உள் அறையிலிருந்து ஓடி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அப்பா, என் கம்பெனியையே காணோம்ப்பா! முந்தாநாள் வரைக்கும் மெசேஜ் வந்துச்சு. இப்போ அந்த அக்கவுன்ட்டே இல்ல!"

"பொண்ணுக்கு வேலை கிடைச்சிடுச்சுன்னு தெரு முழுக்கச் சொல்லி வெச்சிருக்கேன்... இன்டர்வியூ எப்படிடி நடந்துச்சு? இப்பவாவது முழுசாச் சொல்லு!"

கூடத்தைக் குறுக்கும் நெடுக்குமாக அளந்தபடியே சொன்னாள். மூன்று வாரத்துக்கு முன் போனில் ஒரு மெசேஜ். இன்டர்வியூ இப்போதே, இங்கேயே என்றார்கள். நாற்பது நிமிஷம் டைப் அடித்தே கேள்வி, டைப் அடித்தே பதில். முடிந்த கையோடு வேலை! வீட்டுக்கு வரும் பார்சலைப் பிரித்துப் பார்த்து, புது லேபிள் ஒட்டி, வேறு விலாசத்துக்கு அனுப்ப வேண்டும்.

"போன்ல பேசினாங்களா?"

"இல்ல..."

"முகத்தைக் காட்டினாங்களா?"

"கேட்டேன். எங்க கம்பெனியில எல்லாமே மெசேஜ்லதான்னுட்டாங்க."

"வெண்டைக்காய் வாங்கறதுக்கே நுனியை ஒடிச்சுப் பாக்கறவ நீ! முகமும் தெரியாம, குரலும் தெரியாம வேலையில சேருவியா? அந்தக் கம்பெனி நம்பரைத் தேடிப் பிடிச்சு, நிஜமா நீங்கதானான்னு ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

"கேட்டா வேலை போயிடுமோன்னு பயம்ப்பா. ஒன்றரை வருஷமா வீட்ல இருக்கேன். வர்றவங்ககிட்டல்லாம் 'பொண்ணு மேல படிக்கிறா'ன்னு நீங்க சொல்றது என் காதுல விழாதா?"

ஸ்டேஷன் மாஸ்டர் அவசரமாகப் பேச்சை மாற்றினார். "சரி, இந்தப் பார்சலையெல்லாம் ஏன் அனுப்பாம வெச்சிருக்கே?"

"ஒவ்வொரு பார்சல்லயும் வேற வேற பேர் இருந்துச்சு. சந்தேகமாப் போச்சு. இந்தப் பதினேழையும் அனுப்பாம நிறுத்தி, ஏன்னு கேட்டேன். அதோட ஆள் மாயம்..."

காலிங் பெல்!

வாசலில் நாற்பது வயதுக்காரர். மடிப்புக் கலையாத சட்டை. அடையாள அட்டை ஒன்று கண் சிமிட்டும் நேரத்துக்கு வெளியே வந்து, மீண்டும் பைக்குள் போனது.

"நான்தான் போன் பண்ணினேன். சார், உங்களைப் பார்த்தா மரியாதையான குடும்பம்னு தெரியுது. அதனாலதான் ஜீப்பைக் கூடக் கொண்டு வரலை."

டைப் அடித்த ஒரு காகிதத்தை மேஜை மேல் வைத்தார்.

'பார்சல்கள் அனைத்தையும் நானே வரவழைத்தேன். வேறு யாருக்கும் இதில் தொடர்பில்லை.'

"பாப்பா இதுல ஒரு கையெழுத்துப் போடட்டும். பார்சலையும் அவங்க போனையும் எடுத்துட்டுப் போயிடறேன். கேஸ் கிடையாது. பேப்பர்ல பேர் வராது. பக்கத்து வீட்டுக்குக் கூடத் தெரியாது!"

பக்கத்து வீட்டுக்குக் கூடத் தெரியாது...

ஸ்டேஷன் மாஸ்டருக்கு அது போதுமாக இருந்தது.

"போடு குட்டி."

"அப்பா! நான் செய்யாததைச் செஞ்சேன்னு..."

"குடும்ப மானம்டி! போடு!"

பேனாவை எடுத்தாள். கண்ணீர் காகிதத்தில் சொட்டியது.

"சார், சத்தியமா இந்தப் பார்சலைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது சார்..."

வந்தவர் பொறுமை இழந்தார்.

"ஏற்றுமதிக் கம்பெனியில ரெண்டு வருஷம் மேனேஜரா இருந்திருக்கீங்க. பார்சலைப் பத்தித் தெரியாதா? யார் காதுல பூ சுத்தறீங்க?"

"மேனேஜரா...? நானா?"

ஸ்டேஷன் மாஸ்டரின் முதுகில் சில்லென்று வியர்த்தது!

மேனேஜர் என்று உலகத்தில் எழுதியது ஒரே ஒரு கை. அவருடைய கை!

இரண்டு மாதம் முன்பு, வேலைவாய்ப்பு ஏஜென்சியின் ஃபார்மில் மகள் கையெழுத்தைப் போட்டுவிட்டு எழுந்து போனாள். 'முன் அனுபவம்' என்ற கட்டம் காலியாகக் கிடந்தது. நம் வீட்டுப் பெண்ணுக்குக் காலிக் கட்டமா? இரண்டு மெஷினும் ஒரு ஸ்டூலுமாக அவருடைய அக்கா நடத்தும் தையல் கடை, அவர் பேனாவில் ஏற்றுமதிக் கம்பெனி ஆகிவிட்டது. அவரே நேரில் போய் ஏஜென்சி கவுன்ட்டரில் நீட்டிவிட்டு வந்தார். மகளிடம் மூச்சு விடவில்லை.

அது போலீஸுக்கு எப்படித் தெரியும்?

தெரியாது! அந்த ஃபார்ம் எவன் கையில் இருக்கிறதோ, அவனுக்குத்தான் தெரியும்!

வந்தவர் அந்த நொடியே வந்தவன் ஆகிவிட்டான்.

"குட்டி, பேனாவைக் கீழ வை. சார், கையெழுத்து எங்கே ஓடிடப் போவுது? முதல்ல சரக்கைப் பாருங்க. அந்த ரூம்லதான் இருக்கு."

அவன் உள்ளே போனான்.

படார்!

வெளித் தாழ்ப்பாள் விழுந்தது.

"யோவ்! போலீஸையே அடைக்கறியா? தூக்கி உள்ளே வெச்சிடுவேன்!"

"இப்போ உள்ளே இருக்கறது நீங்கதான் சார்!" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர், டெலிபோனில் போலீஸ் நம்பரை அழுத்தியபடி.

இருபது நிமிஷத்தில் நிஜ ஜீப் வந்தது. இறங்கிய பெண் இன்ஸ்பெக்டர் மேஜை மேல் இருந்த காகிதத்தைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பழியைப் பொண்ணு தலையில கட்டிட்டு, சரக்கோட கம்பி நீட்டப் பார்த்திருக்கான். பிரமாதம் ஐயா! டூப்ளிகேட்னு எதை வெச்சுக் கண்டுபிடிச்சீங்க?"

மகள் பெருமையாக அப்பாவைப் பார்த்தாள்.

ஷூவைப் பார்த்தேன் என்று சொல்லலாம். நடையைப் பார்த்தேன் என்று சொல்லலாம். ஆனால் ஏஜென்சியைப் பற்றிச் சொல்லாவிட்டால் கூட்டம் தப்பிவிடும். பழி மகள் மேலேயே நிற்கும்...

"ஒரு பொய்யை வெச்சும்மா."

"யார் சொன்ன பொய்?"



"நான் சொன்னது."

ஒன்று விடாமல் சொன்னார். வாழ்நாளில் முதன்முறையாக அவர் தலை குனிந்தது.

"தையல் கடைக்கு நான் மேனேஜரா?" மகள் அழுகையும் சிரிப்புமாகக் கேட்டாள். "அத்தை என்னைப் பட்டன் தைக்கக் கூட விட மாட்டாங்களேப்பா!"

"அந்த ஏஜென்சிக்கு உடனே ஆள் அனுப்புங்க!" இன்ஸ்பெக்டர் வயர்லெஸ்ஸில் சீறினார். "ஐயா, நிமிருங்க. இப்போ நீங்க சொன்ன நிஜம்தான் உங்க பொண்ணைக் காப்பாத்தியிருக்கு."

கான்ஸ்டபிள் தாழ்ப்பாளைத் திறந்தார்.

கதவில் காதை வைத்து எல்லாவற்றையும் கேட்டிருந்தவன், விலங்குக்குக் கையை நீட்டிக்கொண்டே ஸ்டேஷன் மாஸ்டரை எரித்துவிடுவது போலப் பார்த்தான்.

"அனுபவம் உள்ள பொண்ணுன்னு நம்பித்தானே மேடம் எடுத்தோம்! ஃபார்ம்ல இப்படிப் புளுகினா... எங்களை மாதிரி ஆளுங்க எப்படி மேடம் தொழில் பண்றது?"