கந்தகம் தின்ற எண்ணெய்

“முன்னாடி யார் வர்றாங்கன்னு பார்த்து நடக்கத் தெரியாதா?”

கொட்டும் மழையில், ரப்பர் ஆலை வாசலில் அவள் போட்ட சத்தத்தில் காவலாளியே எழுந்து நின்றுவிட்டார். மோதியவனின் கேனிலிருந்து தளும்பிய எண்ணெய், அவளுடைய வெள்ளைக் கோட்டில் மஞ்சளாக வழிந்தது.

“சாரிங்க... ஆனா பயப்படாதீங்க. சோயா எண்ணெய்தான். உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது.”

“கோட்டுக்கு?”

அவன் சிரித்தான். மழைத்துளி தொங்கிய இமைகளுக்குக் கீழே அந்தக் கண்கள்... சே! பண்ணுவதையும் பண்ணிவிட்டுச் சிரிப்பு வேறு!

அவள் அந்த ஆலையின் பரிசோதனைக்கூட வேதியியலாளர். ரப்பரை இளக்க, பெட்ரோலிய எண்ணெய்க்குப் பதிலாகத் தன் கம்பெனியின் தாவர எண்ணெயைச் சேர்த்துப் பார்க்கச் சொல்லி வந்திருந்தான் அவன். அதைச் சோதிக்க வேண்டியவள் அவளேதான்!

மூன்று நாள்... மூன்று கலவை... மூன்றும் சரியாக இறுகாமல் பிசுபிசுத்தன. உருளை மெஷினில் கலவை போட்டவர் அவளுடைய அப்பா. “இத்தனை வருஷமா என்னத்தக் கிழிச்சீங்க?” என்று மேனேஜர் எல்லார் முன்னிலையிலும் கேட்க, அவர் தலைகுனிந்து நின்றார்.

அன்று மத்தியானம் அவளுக்குப் பொறி தட்டியது. ரப்பரை இறுக்கவேண்டிய கந்தகத்தில் ஒரு பங்கை இந்த எண்ணெயே தின்றுவிடுகிறது! கந்தகத்தைக் கொஞ்சம் கூட்டினாள். ரப்பர் ஷீட் கெட்டியாக, அழகாக வந்தது.

அவனிடம் நீட்டினாள். “எண்ணெய் கந்தகத்தைத் தின்னும்னு உங்களுக்குத் தெரியுமா?”

அவன் முகம் வெளுத்தது. “முதல் நாளே தெரியும்...”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா ஒரே நாள்ல வேலை முடிஞ்சிருக்கும். மறுபடி உங்களைப் பார்க்க... ஒரு சாக்கு வேணுமே.”

உருகிப்போக அவள் என்ன மெழுகா?

“மெஷின்ல நிக்கிற மனுஷன் திட்டு வாங்குறது உங்களுக்குச் சாக்கா?”

“அவர் உங்க அப்பான்னு தெரியாதுங்க...”

“யாரோட அப்பாவா இருந்தா என்ன?”

அவன் நேரே உருளை மெஷினுக்கு நடந்தான். எல்லார் காதிலும் விழும்படி, “தப்பு என்னோடது. தெரிஞ்சும் சொல்லல. மன்னிச்சிடுங்க ஐயா,” என்று கைகூப்பினான்.

மேனேஜர் எகிறிக் குதித்தார். “எண்ணெயும் வேணாம், ஒண்ணும் வேணாம்! கெளம்பு!”

அவள் ஷீட்டை அவர் முன்னால் வைத்தாள். “எண்ணெய் நல்ல எண்ணெய் சார். கொண்டுவந்த ஆள்தான் சரியில்ல.”

அப்பா ஷீட்டை வளைத்துப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். “அடுத்த கலவைக்காவது முழுசாச் சொல்லுங்க தம்பி,” என்றார்.

அவன் பின்புறப் படிக்கட்டில் இறங்கும்போது அவள் துரத்திக்கொண்டு வந்தாள்.

“நில்லுங்க!”

“இன்னும் திட்டணுமா?”

“ஆமா! மூணு நாளா உங்களை நினைச்சே எரிஞ்சுட்டிருக்கேன். சாப்பிட முடியல... ஒரு வேலை ஓடல...”

“அவ்வளவு கோபமா?”

“கோபம்தான்!” அவள் இன்னும் ஒரு படி இறங்கினாள். “மனசுக்குப் புடிச்ச ஆளே இப்படிப் பண்ணிட்டாரேன்னு... அந்தக் கோபம்!”