ஆர் முதல்?

“முதல்ல ஆக்களை விடுங்கோ, பிறகு பாதையைத் திறக்கிறம்” என்றார் அரசின் தூதர் விக்னராஜா.

“முதல்ல பாதையைத் திறவுங்கோ, பிறகு விடுறம்” என்றான் இயக்கத்தின் தூதன் இளங்கீரன்.

பூரணம் துடுப்புப் போட்ட தோணியில் விடிந்ததிலிருந்து இதே பாட்டுத்தான். ஒருவர் கரையை மற்றவர் மிதிக்க மாட்டாராம். அதனால் களப்பு நீரின் நடுவே பேச்சுவார்த்தை! அரசாங்க லாஞ்சிப் படகு ஓட்டிப்போன அவள் கணவன் அன்னலிங்கத்தையும் கூட்டாளிகளையும் இயக்கம் பிடித்துக் கண்டல் தீவில் வைத்திருந்தது. அரசோ இயக்கத்தின் ஊர்களுக்கு அரிசி போகும் பாதையை மூடியிருந்தது. இன்று பேச்சு முறிந்தால் அவனை இனி எங்கே போய்த் தேடுவாள்?

அப்போதுதான் பனி இறங்கியது. வானம் எது, தண்ணீர் எது என்று தெரியாத வெண்மை. துடுப்பின் சத்தம்கூடப் பஞ்சுக்குள் போய் அடங்கியது. கொக்கு ஒன்று வெறுங்காற்றில் நின்றது. தூக்கத்தில் நடப்பவளைப் போலப் பூரணம் துடுப்பு வலித்தாள்.

“ஆரது? சொல்லாட்டிச் சுடுவம்!”

இடக்கரையில் ஒரு குரல். வலக்கரையிலும் அதே அதட்டல்! நீரோட்டம் தோணியை ஒடுங்கிய வாய்க்காலுக்குள் தள்ளிவிட்டிருந்தது. இடப்புறம் இராணுவம், வலப்புறம் இயக்கம். அரசின் குரல் முதலில் கேட்டால் வலக்கரை சுடும். இயக்கத்தின் குரல் முதலில் கேட்டால் இடக்கரை சுடும். தூதர்கள் இருவரும் தோணிக்குள் குனிந்துகொண்டார்கள்.

“ரெண்டு பேரும் ஒண்டாக் கத்துங்கோ!” என்றாள் பூரணம். “நான் எண்ணுறன். ஒண்டு... ரெண்டு... மூண்டு!”

ஒரு சத்தமும் இல்லை. மற்றவர் கத்தட்டும் என்று ஆளுக்காள் காத்திருந்தார்கள்!

டுமீல்! தோணியின் முனையில் மரச்சில்லு பறந்தது.

பூரணத்துக்கு வந்ததே கோபம்! “உங்கட முதலும் பிறகும்! என்ர மனுசனும் சாவார், நீங்களும் சாவியள்! ஒண்டு, ரெண்டு, மூண்டு!”

“சுடாதேங்கோ!”

இரு குரலும் ஒரே குரலாகப் பனிக்குள் உருண்டோடின. தங்கள் ஆளும் தோணியில் இருப்பது தெரிந்ததும் இரு கரையிலும் துப்பாக்கிகள் ஓய்ந்தன.

இளங்கீரன் மூச்சு வாங்கியபடி சிரித்தான். “ஐயா, அரிசி லொறியையும் ஆக்களையும் இப்பிடியே விடலாமே?”

“விடலாம்” என்றார் விக்னராஜா, முகத்தைத் துடைத்தபடி. “ஆனா எண்ணுறதுக்கு இவவைத்தான் வைக்கவேணும்.”

பனி விலகியதும் பூரணம் மறுபடி எண்ணினாள். மூன்று என்றதும் கரையில் லொறி உறுமியது. கண்டல் தீவிலிருந்து பிடிபட்டவர்களை ஏற்றிய தோணி புறப்பட்டது. எலும்பும் தோலுமாக அன்னலிங்கம் இறங்கி வந்தபோது அவள் வாய்விட்டு அழுதாள்.

“இயக்கம்தான் முதலில் பணிந்தது” என்றது அன்றைய அரச வானொலி. இயக்கத்தின் வானொலியோ அதை அப்படியே திருப்பிப் போட்டுச் சொன்னது.

“உண்மையில ஆர் முதல்?” என்று கேட்டான் அன்னலிங்கம்.

“ரெண்டு பேருக்கும் வெற்றியாவே இருக்கட்டும்” என்றாள் பூரணம். “இஞ்சருங்கோ, நீங்கள் சாப்பிடுங்கோ.”