ஆறாவது கேசட்

மூன்றாவது முறையும் கேசட் பாதியில் தோற்றபோதுதான் சங்கமித்ரா அதைக் கவனித்தாள். பழைய கணினிக்குள் தகவல் போகும் அந்தக் காதைக் கிழிக்கும் கீச்சொலிக்கு அடியில், ஈரக் காலோடு யாரோ படியேறுவது போல ஒரு சத்தம். சளக். சளக்.

டேப்பை நிறுத்தினாள். அதுவும் நின்றது.

கேசட்டில் இருந்தது நாற்பது வருடத்துக்கு முந்தைய ஜப்பானிய வீடியோ விளையாட்டு. ஏணி ஏணியாக ஏறி, உச்சித் தளத்தில் அடைபட்ட சிறுமியை நாயகன் அடைய வேண்டும். காசு போட்டு ஆடும் பெட்டியில் பிறந்த அதை, உரிமம் வாங்கிய கம்பெனிகள் வீட்டுக் கணினிகளுக்கு ஆளுக்கொரு விதமாக மாற்றி விற்றிருந்தன. ஒன்றில் நாயகன் பச்சை நிறம், ஒன்றில் இசையே கிடையாது. ஐந்து பதிப்புகளைத் தேடி நகலெடுத்து வைத்திருந்தாள். இந்த ஆறாவது, அவள் அறிந்தவரை, வேறு யாரிடமும் இல்லை. மூன்று வருடம் அலைந்து கிடைத்தது, இப்போது ஓடமாட்டேன் என்கிறது. ஒவ்வொரு முறையும் டேப்பிலிருந்து பழுப்புத் தூள் உதிர்ந்தது. இன்னும் இரண்டு மூன்று ஓட்டம் தாங்கினால் அதிகம்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில், கல்மண்டபத்துக்குப் பின்னாலிருந்த அவர்கள் குடியிருப்பை இடிக்கப்போகிறார்கள். கீழே எல்லா வீடும் காலி. மூன்றாவது மாடியில் இவர்கள் மட்டும். கணவன் திலீப் முதல் லோடு சாமானோடு மீஞ்சூர் புது வீட்டுக்குப் போயிருந்தான். அவன் திரும்பினால் இந்தக் கிழட்டுக் கணினியும் வண்டியேறும். அந்தக் குலுக்கலுக்குப் பிறகு அது உயிரோடு இருக்குமா என்பது சந்தேகம். உள்ளறையில் ஆறு வயது மலர் மதியத் தூக்கத்தில் இருந்தாள்.

பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு டேப் ஹெட்டைத் துடைத்தாள். ஹெட்டின் திருகாணியை ஒரு இழை திருப்பினாள். ஓடவிட்டாள். திரையில் கோடு கோடாக இரும்புத் தளங்கள் விழுந்தன. முதல் தளத்தில் நாயகன். சளக், சளக். படம் உறைந்தது.

"ச்சை, பேஜாரு," என்று மேசையைக் குத்தினாள். துறைமுகத்துச் சேறும் டீசலும் கலந்த வாடை அறைக்குள் வந்திருந்தது. காற்று மாறிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் திலீப்புக்குப் போன் போட்டாள்.

"கீழ கேட்டைப் பூட்டினியா?"

"பூட்டிகினுதான் வந்தேன். சாவி என்னாண்ட கீது. இன்னாத்துக்கு?"

"படில யாரோ ஏர்ற மாறி கீதுய்யா."

"காலி வூட்டுல பூனை சுத்திகினு இருக்கும். அந்தக் கேசட்டை வுட்டுட்டு மூட்டையைக் கட்டு, மித்ரா."

விட்டுவிடு என்று எத்தனை பேர்தான் சொல்வார்கள். எரிச்சலில் மறுபடி பொத்தானை அழுத்தினாள். இந்த முறை நாயகன் இரண்டாவது தளத்தில் நின்றான். சத்தம் டேப்பிலிருந்து வரவில்லை என்பது இப்போது தெளிவாகத் தெரிந்தது. அது வாசலுக்கு வெளியிலிருந்து வந்தது.

டேப்பை ஓடவிட்டபடியே கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். வாரக்கணக்காக மழை இல்லை. படிகளில் ஈரத்தடங்கள். வெறும் கால். ஏறி வந்த தடங்கள் மட்டும். கடைசித் தடம் அவள் வாசலில்.

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். மேல் தாழ்ப்பாளும்.

பின்னால் கீச்சொலி நின்றது. திரும்பினாள். விளையாட்டு முழுதாக ஏறியிருந்தது. மூன்று வருடம் காத்திருந்த படம், ஒரு பிசிறில்லாமல். நாயகன் உச்சித் தளத்தில் இருந்தான். சிறுமியின் பக்கத்தில்.

பிளக்கைப் பிடுங்கினாள். திரை செத்தது.

சளக்.

வீட்டுக்குள்.

தரையைப் பார்த்தாள். தடங்கள் வாசற்படி தாண்டி வந்திருந்தன. அவள் நாற்காலிக்குப் பின்னால் இரண்டு பாதங்களும் சேர்ந்து நின்ற இடத்தில் தண்ணீர் குட்டையாகக் கிடந்தது. அவள் கதவருகே இருந்த நேரமெல்லாம் அங்கே நின்றிருக்க வேண்டும். அங்கிருந்து உள்ளறைக்கு.

"மலரு."

ஓடினாள். கதவைத் தள்ளினாள்.

மலர் பாயில் எழுந்து நின்றிருந்தாள். கண்கள் மூடியிருந்தன. வலது கை தலைக்கு மேல் உயர்ந்திருந்தது, உயரமான யாரோ பிடித்திருப்பது போல. பிடித்தவர் யாரும் இல்லை. குழந்தையின் விரல்கள் மட்டும் ஒன்றோடொன்று நெருங்கி, நசுங்கி, வெளுத்துக்கொண்டிருந்தன. மணிக்கட்டிலிருந்து கறுப்பு நீர் சொட்டிக்கொண்டிருந்தது.