தும்மலுக்கு வந்த பதில்

சுவர் அலறியது. அறைக்குள் நின்ற பதினான்கு பேரும் கைதட்டினார்கள்.

அலறல் சட்டென்று நின்றது. இருட்டில் யாரோ தண்ணீர் பாட்டிலைத் திறக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"பயந்துடாதீங்க," என்றாள் வழிகாட்டி உமையாள். "இது 1497, மார்ச் மாசம். அந்தப் பொண்ணு பேரு இனேஸ். வயசு இருபத்திரண்டு. ரொட்டி சுடறவரோட மகள். பக்கத்து அறையில யாரையோ அடிக்கறாங்க, அதைக் கேட்டுத்தான் கத்தறா."

தொலேதோ நகரத்துக்கு இப்போதெல்லாம் யாரும் வெறுமனே பார்க்க வருவதில்லை. கேட்க வருகிறார்கள். அன்று காலையிலேயே உமையாளின் குழு, ஆற்றுப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் காதை வைத்து, ஒரு கழுதைக்காரன் தன் கழுதையைத் திட்டுவதைக் கேட்டிருந்தது. பெருங்கோவிலின் தூண் ஒன்றில், உளியைத் தவறவிட்ட கொத்தன் "ஐயோ, கால்!" என்று கத்தியதைக் கேட்டிருந்தது.

எல்லாம் கற்செவி என்ற கருவியின் வேலை. கல்லுக்குள் இருக்கும் படிகத் துகள்கள், அருகில் எழும் ஒவ்வோர் ஒலியையும் நுண்ணதிர்வாகப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. கற்செவி அந்த அதிர்வைக் கிளறி மறுபடியும் ஒலியாக்குகிறது. அதை நடத்தும் நிறுவனத்தின் கையேட்டில் அப்படித்தான் இருந்தது. ஒருமுறை கிளறிய அதிர்வு கரைந்துபோகும். அதனால் ஒரு குழு கேட்டதை அடுத்த குழு கேட்க முடியாது. கருவி நின்றிருக்கும்போதும் அந்தப் பக்கத்து நேரம் நம் கடிகாரத்தோடே ஓடும்; அவர்கள் வரும்போது அங்கே நடக்கும் பத்து நிமிடம்தான் அவர்களுக்கு. 'உங்களுக்கு முன் யாரும் கேட்டதில்லை' என்று வாசலில் எழுதியே வைத்திருந்தார்கள்.

இந்த வீடு ஒரு காலத்தில் சமய விசாரணை மன்றத்தின் சிறை. சந்தேகத்துக்கு ஆளானவர்களை இங்கே கீழே அடைத்துவைத்து, மேலே விசாரித்தார்கள். நகரத்திலேயே அதிகக் கூட்டம் வருவது இங்கேதான்.

"என்ன தப்பு செஞ்சாளாம்?" என்று கேட்டார் அழகேசன். திருநெல்வேலிக்காரர், மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெழுகுவத்தி ஏத்தினாளாம். இவங்க குடும்பம் யூதர்களா இருந்து மதம் மாறினவங்க. ரகசியமா பழைய மதப்படி கும்பிடறான்னு ஒருத்தர் சாட்சி சொல்லிட்டாங்க."

"யாரு அந்தச் சாட்சி?"

"அதைக் கைதிக்குச் சொல்ல மாட்டாங்க சார். மன்றத்தோட சட்டம். கைதி தன்னோட பகைவர்கள் பேரைச் சொல்லலாம். சாட்சி பேரு அதுல இருந்துட்டா சாட்சியம் செல்லாது. ஆனா கண்ணைக் கட்டிக்கிட்டு அம்பு விடற மாதிரிதான்."

"யாருன்னே சொல்லாம ஒரு கேஸா? எங்க ஊர்ல இதுக்குப் பேரு மொட்டைக் கடுதாசிம்மா."

"நீங்க வாரியத்துல இருந்தப்ப உங்க மேல வந்துச்சே, அதுவா?" என்றாள் அவர் மனைவி செண்பகம்.

இருட்டு முழுவதும் சிரிப்பு பரவியது. சுவருக்குள் யாரோ மூச்சைப் பிடித்துக்கொள்வது போல ஒரு சத்தம். உமையாள் வழக்கமான அடுத்த வாக்கியத்துக்குப் போனாள்.

"இந்த அறைக்கு ஒரு விசேஷம் உண்டு. இங்க அடைபட்டவங்க மத்த அறைக்காரங்களைவிடச் சீக்கிரமாவே குற்றத்தை ஒத்துக்கிட்டாங்க. ஏன்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியல."

அழகேசன் தும்மினார். பழைய கல்லின் தூசு. அறையே அதிரும் தும்மல்.

"நூறு," என்றாள் செண்பகம் பழக்கத்தில்.

"ஹெசூஸ்," என்றது சுவர்.

எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். "பாத்தியா? எனக்கு ஒண்ணுன்னா அவளும் பதறுதா!" என்றார் அழகேசன்.

"ஆமா, ஐந்நூறு வருசத்துக்கு முன்னாடியே உங்க தும்மல் அவளுக்குக் கேட்டுட்டு. நெனப்பப் பாரு!"

உமையாள் மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தில் ஒருவர் தும்மினால் இந்த நாட்டுக்காரர்கள் இயேசுவின் பெயரைச் சொல்வார்கள். இன்றும் சொல்கிறார்கள். ஆனால் இனேஸ் தனிச்சிறையில் இருந்தவள். அவள் அறையில் தும்முவதற்கு வேறு யாருமில்லை.

பத்து நிமிடம் முடிந்து விளக்கு எரிந்தது.

மதிய இடைவேளை இரண்டு முதல் நான்கு வரை. குழு, சமையல்காரர் கட்டி வைத்திருந்த புளியோதரையைச் சாப்பிட ஆற்றங்கரையில் நின்ற பேருந்துக்குப் போனது. உமையாள் மாடிக்கு ஓடினாள்.

அந்த வீட்டின் காப்பாளர் பிலார், கற்செவியை இயக்குபவளும் அவள்தான். அறுபது வயது. உமையாள் சொன்னதை அவள் குறுக்கிடாமல் கேட்டாள். ஆச்சரியப்படவும் இல்லை.

"போன வருடம் ஒரு குழந்தை கீழே பாட்டுப் பாடியது," என்றாள் பிலார். "சுவருக்குள் இருந்த கிழவன் தாளம் போட்டான். நிறுவனத்துக்கு எழுதினேன். தற்செயல் என்றார்கள். அதற்குப் பிறகு குழந்தைகளை உள்ளே விட வேண்டாம் என்று உத்தரவு வந்தது."

"அப்படியென்றால் கற்செவி பழைய ஒலியைக் கிளறவில்லை."

"இல்லை. கதவைத் திறக்கிறது. கதவுக்கு இரண்டு பக்கமும் காது கேட்கும்."

உமையாள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். ஒரு நாளைக்கு ஆறு குழு. குழுவுக்குப் பதினான்கு பேர். இருட்டில் தனியாகக் கிடக்கும் ஒருவர் காதில், தெரியாத மொழிகளில் சிரிப்பு, இருமல், கைதட்டல். இங்கே அடைபட்டவர்கள் ஏன் சீக்கிரம் ஒப்புக்கொண்டார்கள் என்பது உமையாளுக்கு இப்போது தெரிந்தது. இனேஸ் இன்று எதற்காக அலறினாள் என்பதும்தான். பக்கத்து அறையில் யாரையும் அடிக்கவில்லை. அப்போதுதான் பதினான்கு பேர் உள்ளே நுழைந்திருந்தார்கள்.

"அவளுக்கு விசாரணை எப்போது?"

"வழக்கேட்டின்படி, அங்கே இன்னும் கொஞ்ச நேரத்தில் கூட்டிப்போவார்கள். நான்கு மணிக் குழுவுக்கு வெறும் அறைதான் கேட்கும்."

வாசல் பலகையில் எழுதியிருந்தது உமையாளுக்கு மனப்பாடம்: 1497 ஏப்ரலில் சந்தைச் சதுக்கத்தில் இனேஸ் எரிக்கப்பட்டாள். ஏன் அவ்வளவு கடுமையான தண்டனை என்று யாருக்கும் தெரியாது. வழக்கேட்டின் கடைசித் தாள்கள் ஈரத்தில் ஒட்டிப்போயிருந்தன. பக்கத்து அறையில் ஏட்டுக்கதிர்க் கருவி, தாள்களைப் பிரிக்காமலே அவற்றைப் படித்துக்கொண்டிருந்தது.

"மூன்றரைக்கு முடிந்துவிடும்," என்றாள் பிலார். "அதைப் படித்துவிட்டு யோசிக்கலாம்."

"மூன்றரைக்கு அவள் அறையில் இருக்கமாட்டாள். பிலார், சாட்சி யார் என்று நமக்குத் தெரியும். மன்றத்தின் ரகசியப் புத்தகமே இதோ கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அந்தப் பெயர் அவளுக்குத் தெரிந்தால் சாட்சியம் செல்லாது. சட்டம் அதுதானே?"

பிலார் கற்செவியின் சாவியை எடுத்தாள்.

கீழே, இருட்டில், உமையாள் சுவரோடு முகத்தை வைத்துக்கொண்டாள். இந்த ஊரில் அன்று பேசிய பழைய காஸ்தீலிய மொழியை இந்த வேலைக்காகவே இரண்டு வருடம் படித்திருந்தாள். அதில் ஒருவருடன் பேச வேண்டிவரும் என்று நினைத்ததில்லை.

"இனேஸ். பயப்படாதே."

பிறகு, மிக அருகில், ஒரு குரல்.

"நீங்கள்தான் தினமும் சிரிப்பவர்களா?"

"ஆமாம். மன்னித்துக்கொள். உன்னால் கேட்க முடியும் என்று எங்களுக்குத் தெரியாது."

"நீ தேவதையா, பிசாசா?"

"இரண்டும் இல்லை. உன்னைப் போல ஒரு பெண். ரொம்பத் தூரத்து ஊர். என் பெயர் உமையாள்."

"உ...மையாள்." அந்தக் குரல் பெயரை மெதுவாகச் சொல்லிப் பார்த்தது. "யாருக்கோ சளி பிடித்திருக்கிறது. வெந்நீர் குடிக்கச் சொல்."

பின்னால் நின்ற பிலார் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இனேஸ், நேரமில்லை. இன்று உன்னிடம் பகைவர்கள் யார் என்று கேட்பார்கள். ஒரு பெயர் சொல்கிறேன். அதைத்தான் நீ சொல்ல வேண்டும். கதலீனா. தோல் பதனிடுபவர் மனைவி கதலீனா."

"இல்லை."

"அவள்தான் சாட்சி. எழுதியதை நான் படித்தேன்."

"இல்லை! அவள் என்னோடு ஒரே தெருவில் வளர்ந்தவள். தினமும் எனக்கு ரொட்டி கொண்டுவந்து காவலரிடம் கொடுக்கிறாள். காலையில்கூட அவள் சுகமா என்று கேட்டனுப்பினேன்."

"தெரியும். மன்னித்துக்கொள். அவள்தான்."

சுவருக்குள் அழுகைச் சத்தம் வரவில்லை. அது வந்திருந்தால் உமையாளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"அவளுக்கும் உனக்கும் பழைய சண்டை என்று சொல். துணி விஷயம், பண்டம் விஷயம், எதையாவது சொல். அந்தப் பெயரைச் சொன்னால் பிழைத்துக்கொள்வாய்."

"சொல்கிறேன்," என்றது குரல் கடைசியில். "என் அம்மா தனியாக இருக்கிறாள். அதற்காகச் சொல்கிறேன்."

"இன்னொன்று. நான் பேசியதை யாரிடமும் சொல்லாதே. பிசாசு என்பார்கள். என் பெயரை வாயிலேயே எடுக்காதே. சத்தியம் செய்."

"கடவுள் மேல் சத்தியம்."

சுவருக்குள் சாவி திரும்பும் ஓசை. கனமான காலடிகள். ஓர் ஆண்குரல் "எழுந்திரு" என்றது. காலடிகள் விலகின. கற்செவியில் மிஞ்சியது வெறும் அறையின் இரைச்சல்.

ஆற்றங்கரையில் பேருந்து நிழலில் நின்றது. உமையாள் தலைகளை எண்ணினாள், பதினான்கும் இருந்தன. அடுத்து மலையுச்சிக் கோட்டைக்குப் போக வேண்டும்.

"என்னம்மா, மொகத்துல லைட்டு எரியுது?" என்றார் அழகேசன், தொன்னையை நீட்டியபடி. "சாப்பிடாமலே இவ்வளவு தெம்பா?"

"சாப்பிட்டுட்டுச் சொல்றேன் சார். நீங்க மொதல்ல வெந்நீர் குடிங்க. சளி பிடிச்சிருக்காம்."

"யாரு சொன்னா?"

அவள் சிரித்தாள். முதல் கவளத்தைக்கூட எடுக்கவில்லை, சரிவான சந்தில் பிலார் இறங்கி வருவது தெரிந்தது. வேலை நேரத்தில் அந்த வீட்டைவிட்டு பிலார் வெளியே வந்து உமையாள் பார்த்ததில்லை. கையில் இரண்டு தாள்கள். கொளுத்தும் வெயிலில் தொப்பிகூட இல்லாமல் வந்தாள்.

உமையாள் அவளைப் பேருந்துக்குப் பின்னால் கூட்டிப்போனாள்.

"பெயரைச் சொன்னாளா?"

"சொன்னாள்," என்றாள் பிலார். "மன்றத்தின் எழுத்தர் ஒரு வார்த்தை விடாமல் எழுதியிருக்கிறார். முனகலைக்கூட எழுதுவது அவர்கள் வழக்கம்."

"பிறகு?"

"முதலில் இதைக் கேள். இந்தத் தாள் விசாரணைக்கு முந்தைய நாள் எழுதியது. நீ அவளோடு பேசுவதற்கு முந்தைய நாள். மூன்று நீதிபதிகளும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒரே ஒரு சாட்சி, போதாது. சடங்குக்கு ஒரு தடவை விசாரித்து, எச்சரித்து, சனிக்கிழமை அம்மாவோடு வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும்."

உமையாள் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். எழுத்துகள் தெளிவாகத்தான் இருந்தன. கையிலிருந்த தொன்னையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

"வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலே போதும்," என்றாள் பிலார். "இவள் போய் ஒரே ஒரு பெயர் சொல்கிறாள். காலைவரை சுகமா என்று கேட்டனுப்பிய தோழியின் பெயர். மன்றத்தில் நான்கு பேருக்கு மட்டும் தெரிந்த பெயர். மெழுகுவத்தியை அவர்கள் அதோடு மறந்துவிட்டார்கள். வேறு ஒன்றையும் கேட்கவில்லை. 'உனக்கு இதைச் சொன்னது யார்?' அது ஒன்றுதான்."

மேலே, சந்தின் கோடியில், நான்கு மணிக் குழுவுக்கான மணி அடித்தது. பேருந்துக்குள்ளிருந்து செண்பகம், "உமையா, எல்லாரும் ஏறியாச்சும்மா, கெளம்பலாமா?" என்று கூப்பிட்டாள்.

உமையாள் இரண்டாவது தாளுக்குக் கையை நீட்டினாள். பிலார் அதைக் கொடுக்கவில்லை. மடித்துத் தன் நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"கயிற்றை இறுக்கி இறுக்கிப் பதினோரு தடவை கேட்டிருக்கிறார்கள். உன் பெயரை அவள் சொல்லவே இல்லை, உமையாள்."